வீதிக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு பைப்

ஸ்காபரோ,
பெப்ரவரி

அன்பு மகளுக்கு,

வீதியிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் வருகிற பைப் உடைந்த விசயத்தை அம்மா போனில் உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறா. "அப்பா எல்லாம் சரிக்கட்டிவிட்டார்" என்று முடித்துவிட்டாவாம். நீ வின்னிபெக்கில் வாங்கியிருக்கும் வீடு எங்கள் வீட்டைவிடப் பழையது. அங்கத்தைய நிலமும் இங்கே உள்ளதைவிடக் கடுமையாக உறைகிற நிலம். அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். போனில் சொன்னால் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டுவிடுவாய். கடிதம் என்றால் தேவைப்படுகிற நேரம் எடுத்துப் பார்க்கலாம்.

ஜனவரி நடுப்பகுதி, வெளியே மைனஸ் 18 பாகை. இரவு எல்லோரும் படுத்த பிறகு பேஸ்மென்றுக்கு இறங்கினேன். 'உஸ்' என்று விடாமல் ஒரு சத்தம். குழாய்கள் எல்லாம் பூட்டித்தான் இருந்தன. ரொய்லெற் தாங்கியிலும் தண்ணீர் ஓடவில்லை. எங்கள் மீற்றரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு முக்கோணம் இருக்கிறது, உள்ளே கொஞ்சம் தண்ணீர் போனாலும் சுழலும். அது அசையாமல் நின்றது. நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் நுனியைத் தரைக்குள்ளிருந்து மேலே வரும் செப்புப் பைப்பில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டேன். சத்தம் அந்தப் பைப்பால்தான் வந்தது. மீற்றரைத் தாண்டி வைத்துக் கேட்டால் குறைந்துபோனது.

இதை நீ நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் மீற்றர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளே இருக்கிறது. வீதியிலிருந்து சுவர் வரை நிலத்துக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் ஒழுகினாலும் அது மீற்றரைத் தொடாது, பில்லிலும் ஏறாது. பில் கூடவில்லையே என்று இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதற்கிடையில் அந்தத் தண்ணீர் டிரைவ்வேயின் அடியிலும் அத்திவாரத்தின் ஓரத்திலும் மண்ணைக் கரைத்துக்கொண்டிருக்கும். வெளியே போய்ப் பார்த்தால், டிரைவ்வேயின் ஓரத்தில் கண்ணாடித் தகடாக ஐஸ் படிந்திருந்தது. மழையும் இல்லை, ஸ்னோ உருகுகிற வெயிலும் இல்லை, ஐஸ் எங்கிருந்து வந்தது? சப்பாத்துக் குதியால் தட்டினேன். அடியில் வெறுமையாகக் கேட்டது.

உடனே மாநகர சபையின் இலக்கமான 311 எடுத்தோம். வின்னிபெக்கிலும் அதே இலக்கம்தான். மாநகர சபையிலிருந்து வந்தவர் நிலத்தில் ஒரு கருவியை வைத்துக் கேட்டார். பிறகு வீட்டு எல்லையில் ஸ்னோவுக்குள் புதைந்திருந்த சின்ன இரும்பு மூடியைத் தேடி எடுத்து, நீளமான திறப்பை உள்ளே விட்டு அங்கிருந்த வால்வைத் திருப்பிப் பூட்டினார். பேஸ்மென்றில் சத்தம் டக்கென்று நின்றது. அதோடு விசயம் தெளிவாகிவிட்டது. அந்த வால்வைப் பூட்டியதும் சத்தம் நின்றால் உடைவு எங்கள் காணிக்குள். நிற்காவிட்டால் வீதிப் பக்கம். பெரிய குழாயிலிருந்து எல்லை வரை மாநகர சபையின் பொறுப்பு, எல்லையிலிருந்து வீடு வரை வீட்டுக்காரரின் பொறுப்பு. உனக்கும் அப்படித்தான்.

தண்ணீரைப் பூட்டிய பிறகு அவசரம் இல்லை, பிள்ளை. சனம் பிழை விடுவது இந்த இடத்தில்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அவசரம். பூட்டிய பிறகு நிதானமாக யோசிக்கலாம். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் தன் குழாயிலிருந்து ஹோஸ் இழுக்கச் சொன்னார். அந்தக் குளிரில் தண்ணீர் ஓடாமல் ஒரு கொஞ்ச நேரம் நின்றாலே ஹோஸ் உள்ளே கட்டியாகிவிடும். அதனால் வாளியிலேயே சுமந்தோம். கிணற்றில் அள்ளிப் பழகிய அம்மா ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் சமையலையும் பார்த்தா.

அடுத்த நாள் வந்த ஒரு பிளம்பர், உடைந்த இடத்தை மட்டும் தோண்டி, இரண்டடித் துண்டு வெட்டி, புதிய துண்டை இரண்டு கப்ளிங்கால் (இணைப்பால்) பொருத்திவிடலாம் என்றார். மற்றவர் முழுப் பைப்பையும் மாற்றச் சொன்னார். காசு வித்தியாசம் பெரிது. நான் முழுதாக மாற்றுவதற்கே முடிவெடுத்தேன். அறுபது எழுபது வருசம் நிலத்துக்குள் கிடந்த அரை அங்குலப் பைப் அது, ஓரிடத்தில் விட்டால் அடுத்த குளிருக்கு வேறோரிடத்தில் விடும். குளிர்காலத்தில் இந்த வேலையில் காசைத் தின்பது பைப் அல்ல, குழி. உறைந்த நிலத்தைத் திறக்கிற செலவை ஒரு தரம் கொடுக்கலாம், இரண்டு தரம் கொடுக்க மாட்டேன். உனக்கு அப்படி ஒன்று வந்தால், பழைய பைப்பில் ஒட்டுப் போடவே விடாதே.

தோண்டுவதற்கு முதல், நிலத்துக்குள் என்னென்ன போகிறது என்று குறித்துத் தருகிற ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவிக்க வேண்டும். அது சட்டம், ஆனால் காசு இல்லை. அவசர வேலை என்றால் ஆட்கள் கெதியாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள். காஸ் மஞ்சள், மின்சாரம் சிவப்பு, போன் வயர் செம்மஞ்சள், தண்ணீர் நீலம், கழிவு பச்சை. ஸ்னோவின் மேல் அடித்த மை ஸ்னோவோடு போய்விடும், அதனால் உடனே எல்லாப் பக்கத்தாலும் படம் எடுத்து வைத்தேன். மனிற்றோபாவிலும் இதே மாதிரி இலவசச் சேவை இருக்கிறது. யார் எவ்வளவு தெரிந்தவர் என்றாலும், அந்தக் குறிகள் போடப்படாமல் உன் வளவில் ஒரு மண்வெட்டியும் இறங்கக் கூடாது.

டிரைவ்வேயை நீளத்துக்கு வெட்டவில்லை. எல்லையில் ஒரு குழி, வீட்டுச் சுவரோரம் ஒரு குழி, அவ்வளவுதான். மேலே இரண்டடி கொங்கிறீற் மாதிரி உறைந்திருந்தது. மெஷினால் உடைத்துக் கிளப்பினார்கள். அதற்குக் கீழே சாதாரண ஈர மண். குழியின் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுத்த பிறகுதான் ஆள் இறங்கினார். இங்கே 1.2 மீற்றருக்கு மேல் ஆழம் என்றால் முட்டு இல்லாமல் வேலையாள் இறங்கக் கூடாது என்று விதி. ஒரு கன மீற்றர் மண் ஒரு தொன்னுக்கு மேல் நிறை, சரிந்தால் மூச்சு விட முடியாது. உன் சித்தப்பாவின் மகன் மண்வெட்டியோடு உதவிக்கு வந்தான். அவனைக் குழிக்குள் இறங்க நான் விடவில்லை. உன் சிநேகிதர்கள் யாராவது நாங்களே தோண்டுவோம் என்று வந்தால் நீயும் விடாதே.

பழைய பைப்புக்குள்ளால் கேபிள் ஒன்றை விட்டு, புதிய முக்கால் அங்குலச் செப்புப் பைப்பை அதன் பின்னால் கட்டி, பழையதை இழுத்து எடுக்க எடுக்கப் புதியது அதே வழியால் உள்ளே போனது. எல்லையிலிருந்து சுவர் வரை ஒரே நீளம், இடையில் மூட்டே இல்லை. கே வகைச் செப்பு. அதன் சுவர் தடிப்பு கூடியது, அதனால் நிலத்துக்குள் போடுவதற்கு அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வெளியே வந்த பழைய பைப்பை வாங்கித் துடைத்துப் பார்த்தேன். ஓட்டை ஒரு அரிசி மணி அளவுகூட இல்லை. அதைச் சுற்றிச் செப்பு பச்சை பிடித்து, ஒரு பக்கம் தட்டையாகச் சப்பிப்போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு கூர்க்கல் கிடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் மூடியவர்கள் மணல் போடாமல் தோண்டிய மண்ணையே கல்லோடு தள்ளி மூடியிருக்கிறார்கள். நிலம் உறைந்து வீங்குகிறபோது கல் பைப்பை அழுத்தும், உருகுகிறபோது விடும். வருசா வருசம் இதே அழுத்தம். உடைந்தது டிரைவ்வேக்குக் கீழே என்பதற்கும் காரணம் இருக்கிறது. புல்லின் மேல் கிடக்கிற ஸ்னோ நிலத்துக்குப் போர்வை. டிரைவ்வேயில் நாங்கள் ஒவ்வொரு நாளும் வழித்துத் தள்ளுகிறோம், அதனால் குளிர் அங்கேதான் ஆழமாக இறங்குகிறது. உன் பைப் எந்த வழியால் வருகிறது என்று தெரிந்தால், அந்தக் கோட்டின் மேல் உள்ள ஸ்னோவைத் தொடாமல் விடு. வழித்த ஸ்னோவையும் அதன் மேலேயே குவி.

குழி மூடுகிற நேரம் நான் அங்கேயே நின்றேன். மூடுவதுதான் கவனமில்லாமல் செய்யப்படுகிற வேலை. பைப்பின் அடியிலும் மேலும் மணல், அதற்குப் பிறகு உடைத்த மண். உறைந்த கட்டிகளை ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னேன். அவை இடைவெளி விட்டுக் கிடந்து, வசந்தத்தில் உருகித் தாழும், டிரைவ்வேயும் அதோடு தாழும். எல்லாம் முடிந்து தண்ணீர் திறந்ததும், குழாய் நுனிகளில் உள்ள வலைகளைக் கழற்றிவிட்டுக் குளிர்தண்ணீரை நீண்ட நேரம் ஓடவிட்டோம். முதலில் மண் நிறமாக வந்தது, பிறகு தெளிந்தது. வலையை முதலே கழற்றாவிட்டால் அந்த மண் எல்லாம் அதில் போய் அடைத்துக்கொள்ளும்.

பழைய வீடுகளில் மின்சாரத்தின் 'எர்த்' வயர் இந்தப் பைப்பில்தான் கட்டியிருக்கும். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. உலோகப் பைப்பை எடுத்துவிட்டு பிளாஸ்ரிக் போட்டால் அந்த எர்த் போய்விடும். எங்களுடையது செப்புக்குப் பதில் செப்பு, என்றாலும் எலக்ரீஷியனைக் கூப்பிட்டுக் கவ்வியைச் சரிபார்த்துக்கொண்டேன். உனக்கு பிளாஸ்ரிக் போடுவதாக இருந்தால் முதலில் எலக்ரீஷியனோடு கதை.

சரி, இனி உன் வீடு. உன் குழாயில் வரும் தண்ணீர் ஒன்ராறியோ எல்லையில் உள்ள ஷோல் ஏரியிலிருந்து, ஒரு பம்பும் இல்லாமல் சரிவிலேயே 150 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வருகிறது. 1919இல் இருந்து அப்படித்தான். அவ்வளவு தூரத்துக்கும் நகரம் பார்க்கும், கடைசி முப்பது நாற்பது அடியை நீதான் பார்க்க வேண்டும்.

வின்னிபெக்கில் பைப்புகளை 8 அடி அளவு ஆழத்தில் போடுகிறார்கள். அப்படியிருந்தும் 2014இல் அந்த ஆழத்துக்குக் குளிர் இறங்கி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளின் பைப் உறைந்தது. சிலருக்கு வாரக்கணக்கில் தண்ணீர் இல்லை. தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், அதற்குப் பைப் ஈடுகொடுக்காது. மார்ச்சில் வெயில் வந்துவிட்டது என்று இருந்துவிடாதே. காற்று சூடாகத் தொடங்கிய பிறகும் குளிர் நிலத்துக்குள் கீழே போய்க்கொண்டுதான் இருக்கும், ஆபத்தான மாதமே அதுதான். காலையில் குளிர்தண்ணீரைக் கொஞ்சம் ஓடவிட்டு அதன் வெப்பநிலையை அளந்து பார். இரண்டு மூன்று பாகைக்கு இறங்கினால் 311ஐக் கேள், ஒரு குழாயை மெல்லியதாக ஓடவிடச் சொல்வார்கள். உறைந்தே விட்டால் நெருப்பு விளக்குப் பிடிக்கவோ, வெல்டிங் மெஷின் கொண்டுவந்து கரன்ற் பாய்ச்சவோ ஒருவரையும் விடாதே. அப்படிச் செய்து வீடுகள் எரிந்திருக்கின்றன.

உன் வீடு 1950க்கு முந்தியது என்று சொன்னாய். அப்படியென்றால் அந்தப் பைப் ஈயமாகவும் இருக்கலாம். மீற்றருக்கு முன்னால் உள்ள பைப்பை ஒரு நாணயத்தால் மெல்லச் சுரண்டிப் பார். வெள்ளியாக மினுங்கி, மென்மையாகச் சுரண்டுப்பட்டு, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயம். காந்தம் ஒட்டினால் இரும்பு. செப்பு நிறத்திலேயே தெரியும். ஈயம் என்றால் உடைகிற வரை பார்த்திருக்காதே. இந்தக் கோடையிலேயே மாற்று, அப்பாவிடம் காசு கேட்க யோசிக்காதே. அது வரை குடிக்கிற தண்ணீருக்கு ஈயத்தை வடிக்கும் என்று சான்று உள்ள ஃபில்ரர் போடு. இன்ஷூரன்ஸையும் எடுத்துப் பார், வெளிப் பைப்புக்கு அவர்கள் தனியாக ஒரு சேர்க்கை விற்பார்கள். சாதாரண பொலிசியில் பெரும்பாலும் அது அடங்காது.

வீட்டுக்குள் மீற்றருக்குப் பக்கத்தில் உள்ள வால்வை ஒரு தரம் பூட்டித் திறந்து பழகு. பழைய வால்வைப் பலமாக முறுக்காதே, உடைந்துவிடும். வார நாளில், பிளம்பர் கிடைக்கிற பகல் நேரத்தில் செய். வெளியே எல்லையில் அந்த இரும்பு மூடி எங்கே இருக்கிறது என்று ஸ்னோ உருகியதும் தேடி, சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதி வை.

அம்மா அனுப்புகிற பார்சலில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் ஒரு காந்தமும் ஒரு தெர்மோமீற்றரும் வைத்திருக்கிறேன். கிடைத்ததும் பைப்பைச் சோதித்து, மீற்றரையும் வால்வையும் சேர்த்து ஒரு படம் எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன், வீடியோவில் எடு, இருவருமாகப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா