முரளிக்கு, புகாருக்குப் பதில்

அன்புள்ள முரளி,

மெயில் பார்த்தேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே சின்னவள் பத்தாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவிக்கு ஊரடங்கு.

டீம் லீட் ஆனதற்கு வாழ்த்து. ஆனால் மெயிலில் முக்கால்வாசி, பயனர் பார்க்கும் திரையைச் செய்யும் ஃப்ரன்ட்எண்ட் ஆட்கள் மேல் புகார்தானேடா! "ஏபிஐ குடுத்து ஒரு வாரம் ஆச்சு, இன்னும் ஸ்கிரீன் வரலை" என்கிறாய். ஏபிஐ என்பது நம் சர்வரிடம் அவர்கள் டேட்டா கேட்டு வாங்கும் வழி. அதை எழுதும் முன் அவர்களிடம் காட்டினாயா? டேட்டாபேஸ் டேபிளில் இருப்பதை அப்படியே ஜேசான் என்ற டேட்டா வடிவில் கொட்டிவிட்டால் நமக்கு வேலை முடிந்தது. ஒரே ஒரு ஆர்டர் பக்கத்துக்கு அவர்கள் நாலு ஏபிஐயைக் கூப்பிட்டு, ஒன்றில் வந்த ஐடியை வைத்து இன்னொன்றில் தேடி ஒட்ட வேண்டும். அந்த ஒட்டுவேலைக்குத்தான் ஒரு வாரம் போயிருக்கும். கோடு எழுதும் முன்பே சர்வர் அனுப்பப்போகும் பதிலுக்கு மாதிரி ஒன்றை உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள். அந்த மாதிரியில் போட்ட போலி டேட்டாவை (மாக் டேட்டா) வைத்து அவர்கள் அன்றே ஆரம்பிப்பார்கள்.

எர்ரர் விஷயத்தில்தான் சர்வர் பக்கம் எழுதும் நம்மாட்கள் ரொம்ப மோசம். எது நடந்தாலும் 'எல்லாம் சரி' என்னும் 200 என்ற கோடை அனுப்பிவிட்டு, உள்ளே 'சக்ஸஸ்: ஃபால்ஸ்', கூடவே 'சம்திங் வென்ட் ராங்'. அதை வைத்துக்கொண்டு உன் டீமின் ஃப்ரன்ட்எண்ட் பெண் திரையில் என்ன காட்டுவாள்? பின்கோடு தப்பா, லாகின் காலாவதியா, சர்வரே படுத்துவிட்டதா? பயனர் அடுத்து செய்ய வேண்டியது மூன்றுக்கும் வேறு வேறு. லாகின் போனால் 401, நம் பக்கம் கோளாறென்றால் 500, உள்ளீடு தப்பென்றால் 422 கொடுத்து எந்த ஃபீல்டு என்றும் சொல். அந்தக் கட்டத்தின் கீழேயே சிவப்பில் காட்டிவிடுவாள்.

இன்னொன்று, உன் ஐடி எல்லாம் பெரிய எண்கள் என்று எழுதியிருந்தாய். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் 9007199254740991 வரைதான் பிசகாமல் நிற்கும். 9007199254740993 அனுப்பினால் பிரவுசர் அதை 9007199254740992 என்று படிக்கும். கடைசி இலக்கம் மாறினால் வேறொருவர் ஆர்டர்கூடத் திறக்கலாம். எர்ரர் எதுவும் வராது. ஐடியை எண்ணாக அல்லாமல் வெறும் எழுத்து வரிசையாக (ஸ்ட்ரிங்) அனுப்பிவிடு.

"ஒரு பட்டன்தானே" என்று மீட்டிங்கில் சொல்வதையும் விடு. லோடிங்கில் எப்படி, லிஸ்ட் காலியென்றால் எப்படி, இரண்டு தடவை அழுத்தினால் என்ன, பழைய ஐபோன் சஃபாரியில் எப்படி என்று அவள் கேட்பதெல்லாம் நாம் யோசிக்காமல் விட்டவை. டிசைனர் ஃபிக்மா என்ற டிசைன் டூலில் ஆங்கிலத்தில் வரைந்த பட்டனுக்குள் 'கடவுச்சொல்லை மாற்றுக' என்பதை அடைத்துப் பார், புரியும். எஸ்டிமேட்டை அவளே சொல்லட்டும். அதில் பாதியை வெட்டாதே.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா? டிக்கெட் போடும் முன் ஒரு போன் அடி, ஒரே ரயிலில் போகலாம்.

அன்புடன்,
செல்வம்