1933இல் யார் யார் கையெழுத்துப் போட்டார்கள்?

அன்புள்ள மகள் யாழினிக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

ஜெர்மன் மக்களே பெரும்பான்மை கொடுத்துத்தானே ஹிட்லரை உட்கார வைத்தார்கள் என்று கேட்டிருந்தாய். பெர்லினில் இருந்துகொண்டு நீ கேட்கிற கேள்வி இது. போனில் இரண்டு வரியில் சொல்லிவிட மனம் வரவில்லை.

பெரும்பான்மை கொடுக்கவில்லையம்மா. 1928 தேர்தலில் நாஜிக் கட்சி வாங்கியது 2.6 சதவீதம். 1932 ஜூலையில் 37 சதவீதம். சுதந்திரமாக நடந்த தேர்தல்களில் அதுதான் அவர்களுடைய உச்சம். நவம்பரில் அதுவே 33க்கு இறங்கியது. அப்படி இறங்குமுகத்தில் இருந்த கட்சியின் தலைவரைத்தான் 1933 ஜனவரி 30 அன்று குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் சான்சலராக (நம் பிரதமர் போன்ற பதவி) நியமித்தார். அமைச்சரவையில் ஹிட்லரைத் தவிர நாஜிகள் இரண்டே பேர். மற்றவர்கள் பழமைவாதிகள். ஆளைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று துணைச் சான்சலர் பாப்பன் கணக்குப் போட்டார். ஆனால் அந்த இரண்டு நாஜிகளில் ஃபிரிக்கிடம் உள்துறை. கோரிங்கிடம் பிரஷ்யாவின் உள்துறை, அதாவது நாட்டின் மிகப் பெரிய மாநிலத்துப் போலீஸ் முழுவதும். கூட்டணி ஆட்சி எங்கே அமைந்தாலும் எத்தனை இலாகா என்று எண்ணாதே, எந்த இலாகா என்று பார்.

கார்ல் டீட்ரிக் பிராகர் என்ற வரலாற்றாசிரியர் 1955இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, இந்தக் கதையை 1933இல் தொடங்குவது சரியில்லை என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள். அன்றைய ஜெர்மனியின் வைமர் அரசமைப்பின் 48ஆவது பிரிவு, ஆபத்துக் காலத்தில் குடியரசுத் தலைவர் அவசர ஆணை போட அனுமதித்தது. நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் அதை ரத்து செய்யலாம். நல்ல காப்புதான். ஆனால் 25ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்தையே அவர் கலைக்கலாம். 1930 ஜூலையில் இரண்டும் ஒன்று சேர்ந்தன. சான்சலர் புரூனிங்கின் நிதி ஆணையை உறுப்பினர்கள் ரத்து செய்தார்கள், சபை கலைக்கப்பட்டது, ஆணை மறுபடி வந்தது. அந்தக் கலைப்பால் செப்டம்பரில் வந்த தேர்தலில்தான் நாஜிகள் 12 இடத்திலிருந்து 107க்குத் தாவினார்கள். 1932க்குள் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களைவிட ஆணைகளே பல மடங்கு அதிகம். ஹிட்லர் வருவதற்கு முன்பே, ஆணையால் ஆளப்படுவது மக்களுக்குப் பழகிப் போயிருந்தது. என்னைக் கேட்டால், முழு வரலாற்றிலும் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே ஓர் ஆணை. தனிமனித சுதந்திரம், பேச்சு, கூட்டம், சங்கம், தபால் ரகசியம், வீட்டுக்குள் சோதனை, சொத்து என்று ஏழு அடிப்படை உரிமைகள் ஒரே தாளில் நிறுத்தப்பட்டன. தடுப்புக் காவலில் எத்தனை நாள் வைக்கலாம், யாரிடம் முறையிடலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. 1945 வரை அது அமலில் இருந்தது.

மார்ச் 5 தேர்தலில், அத்தனை மிரட்டலுக்குப் பிறகும், நாஜிகளுக்கு 43.9 சதவீதம்தான். 647 இடங்களில் 288. கூட்டாளிக் கட்சியின் 52ஐச் சேர்த்தால் 340. அரசு தானே அரசமைப்பை மீறிச் சட்டம் போட அனுமதிக்கும் அதிகாரமளிப்புச் சட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள், அதாவது 432 பேர், சபையில் இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரிக்க வேண்டும். கம்யூனிஸ்டுகள் 81 பேரை உள்ளே விடவே இல்லை. சமூக ஜனநாயகவாதிகள் 120 பேரும் வராமல் இருந்து, இன்னும் 15 பேர் சேர்ந்தால் கூட்டமே செல்லாது. அதனால் கோரிங் தலைமையில் நாடாளுமன்றம் தன் விதியையே மாற்றியது: காரணமில்லாமல் வராதவரும் வந்தவராகவே கணக்கிடப்படுவார். மார்ச் 23 அன்று குரோல் ஓபரா அரங்கில், நாஜிக் கட்சியின் அடியாள் படையான பழுப்புச் சட்டைக்காரர்கள் சூழ்ந்து நிற்க, 444 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் 94 பேர், எல்லோரும் சமூக ஜனநாயகவாதிகள். எழுபதுக்கும் மேற்பட்ட கத்தோலிக்க மையக் கட்சியினரின் வாக்கு அந்த 444இல் அடக்கம். ஹிட்லரின் வாக்குறுதிகளை நம்பிக் கொடுத்தார்கள். ஜூலைக்குள் அந்தக் கட்சியே இல்லை. எதிர்த்துப் பேசிய ஓட்டோ வெல்ஸின் பேரை நீ மறக்கக் கூடாது.

அதன் பிறகு ஆட்சி எப்படி நடந்தது என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் சண்டை. எல்லாம் ஹிட்லரின் திட்டம் என்பது ஒரு தரப்பு. ஹான்ஸ் மொம்சன் அவரைப் பலவீனமான சர்வாதிகாரி என்றே சொன்னார். ஒன்றோடொன்று மோதிய அலுவலகங்கள்தான் ஆட்சியைக் கடுமையாக்கின என்பது அவர் வாதம். அயன் கெர்ஷா இரண்டையும் இணைத்தார்: தலைவர் என்ன விரும்புவார் என்று ஊகித்து, உத்தரவு வராமலே அதிகாரிகள் முந்திக்கொண்டார்கள். எனக்கு இது ஏற்புடையது. வூர்ட்ஸ்பர்க் நகரத்துக் கெஸ்டாபோவின், அதாவது நாஜி ரகசியப் போலீஸின், கோப்புகளைப் படித்த ராபர்ட் கெலட்லி, வழக்குகளில் பெரும்பகுதி அக்கம்பக்கத்தார் கொடுத்த புகாரால் தொடங்கியதைக் காட்டினார். யூதர்கள், கம்யூனிஸ்டுகள் மீது கெஸ்டாபோ தானே தேடிப் போய்ப் பாய்ந்ததையும் மறக்காதே என்று எரிக் ஜான்சன் பதில் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் படி.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. நெருக்கடியில் அடிப்படை உரிமைகளை நிறுத்தும் நம் அரசமைப்பின் ஏற்பாட்டுக்கு வைமர்தான் முன்மாதிரி. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்குத் தெரிந்தது மறுநாள் காலை. அதனால்தான் 1978இல் 44ஆவது திருத்தம், அமைச்சரவை முடிவு எழுத்தில் வர வேண்டும், குற்ற வழக்கில் காப்பும் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பும் தரும் 20, 21ஆம் பிரிவுகளை நிறுத்தவே கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும் என்று கட்டியது. ஆனால் 1975ஐ 1933 என்று சொல்லிவிடாதே. இந்திரா காந்தி 1977இல் தேர்தல் வைத்தார், தோற்றார், இறங்கினார்.

இன்றைய செய்தியில் யாரையாவது ஹிட்லர் என்று எழுதியிருந்தால், அந்த நாட்டு அவசர ஆணைக்குக் கெடு தேதி இருக்கிறதா, அதை ரத்து செய்யக்கூடியவரை ஆட்சியாளரே வீட்டுக்கு அனுப்ப முடியுமா, போலீஸ் யார் கையில் என்பதைத் தேடிப் பார்த்து எனக்கு எழுது. அடுத்த கடிதத்தில் ஜெர்மனியின் 1949 அடிப்படைச் சட்டத்தின், அதாவது இன்றைய அரசமைப்பின், 67ஆவது பிரிவைப் பார்ப்போம். மாற்றுச் சான்சலரைத் தேர்ந்தெடுக்காமல் இருக்கிறவரை இறக்க முடியாது என்று அது ஏன் சொல்கிறது என யோசித்து வை.

அன்புடன்,
அப்பா