ஆக்லாந்திலிருந்து ஆத்தாவுக்கு

அன்புள்ள ஆத்தா,

நலம். அப்பச்சியின் முழங்கால் வலி தேவலையா? இங்கே ஜூன் மாதம்தான் குளிர். நீங்கள் கொடுத்தனுப்பிய சீப்புச் சீடை ஒரு வாரத்திலேயே தீர்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் எனக்கு என்னதான் வேலை என்று போனில் கேட்டீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்கான ஓர் ஆய்வில் செவிலி நான். தாய்மாரிடம் பேசிச் சம்மதம் வாங்கி, அவர்கள் விவரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். இந்த வேலைக்கு இந்த ஊரில் ஒரு பெருமை உண்டு. பிரசவம் முந்திவிடும் என்று தெரிந்தால், தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக் குழந்தையின் நுரையீரலைத் தயார்ப்படுத்தலாம் என்று 1972-ல் காட்டிய லிகின்ஸ், ஹோவி இருவரும் ஆக்லாந்து மருத்துவர்கள்தான். முதலில் ஆடுகளில் கண்டது அது. இன்று நம் அரசு ஆஸ்பத்திரியிலும் அந்த வைத்தியம் இருக்கிறது.

நான் நிரப்பும் படிவத்தில் வயது, எத்தனையாவது பிரசவம், ரத்த அளவு (அதாவது ஹீமோகுளோபின்), சர்க்கரை, கொதிப்பு எல்லாம் உண்டு. கூடவே படிப்பும் வேலையும். முகவரியை வைத்து அந்தப் பகுதியின் வசதிக்கு 1 முதல் 10 வரை ஓர் எண் போடுவார்கள். 10 என்றால் வசதி மிகக் குறைவு. வலியில் இருப்பவளிடம் இதையெல்லாம் கேட்க முதலில் கூசியது. அப்புறம்தான் புரிந்தது. எந்தக் குழந்தைக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போலக் கணினி முடிவு செய்கிறது. அப்படியும் ரத்தசோகை உள்ள தாய்மார், சரியான சாப்பாடு இல்லாத தாய்மார் ஒரு பக்கமே கூடிவிடலாம். அந்தப் பிள்ளைகள் தேறாவிட்டால் பழி மருந்தின் மேல் விழும். வயிற்றுக்குள் இருக்கும்போதே வீட்டு நிலைமை பிள்ளையைத் தொட்டுவிடுகிறது, ஆத்தா.

10 என்று எழுதும்போதெல்லாம் எனக்கு நம் வீட்டில் வேலை செய்யும் செல்வி ஞாபகம்தான். அவளுக்கு இது ஐந்தாம் மாதம் என்றீர்கள். அவள் அக்காவுக்கு எட்டாம் மாதத்திலேயே பிறந்து, மூன்றாம் நாள் போன பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவள் விதி என்று நாம் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். கடைசி வாரம் வரை அந்த அக்கா நம் வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தாள். வளவில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்து, பாத்திரம் தேய்த்த பிறகு, மூன்று மணிக்குப் பின்கட்டில் அவள் சாப்பிட்டது என் கண்ணிலேயே நிற்கிறது. அவள் ரத்த அளவு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

செல்விக்கு அப்படி ஆகக் கூடாது. மதியம் நமக்கு முன்னால் அவள் சாப்பிடட்டும். முட்டை, கீரை, பருப்பு தினமும் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்க வேண்டாம். அது சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறு நல்லது. குடம் தூக்க வேறு ஆள் வையுங்கள், சம்பளத்தில் பங்கை நான் அனுப்புகிறேன். கிராம சுகாதாரச் செவிலியிடம் பதிந்துவிட்டாளா? புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் அரசு தரும் மகப்பேறு உதவி, பணமும் சத்துப் பொருளுமாக 18,000 ரூபாய், அந்தப் பதிவு இருந்தால்தான் கிடைக்கும்.

அவள் அட்டையில் ரத்த அளவு எழுதியிருக்கும். 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இன்றைக்கே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
மீனாள்