சாவு வீட்டில் நரகத்தைப் பிரசங்கிக்காதீர்கள்

சென்னையிலுள்ள சபைகளின் பேராயர்களுக்கும் போதகர் ஐயாமார்களுக்கும் ஸ்தோத்திரம்.

நம் சபைகளின் அடக்க ஆராதனைகளில் இப்போதெல்லாம் என்ன பேசப்படுகிறது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. என் வேண்டுகோள் ஒன்றுதான். வேறு மதத்து உறவுகள் உட்கார்ந்திருக்கிற சாவு வீட்டில், அவர்கள் நரகத்துக்குப் போகிறவர்கள் என்று பிரசங்கம் செய்யாதீர்கள். கல்யாண மண்டபத்திலும் வேண்டாம்.

என் அப்பா இளம் வயதில் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய அக்கா பெறவில்லை. இருவரும் கடைசிவரை அப்படியே இருந்தார்கள், அதனால் ஒரு நாளும் பேச்சு முறியவில்லை. சர்க்கரையில் அப்பாவுக்குக் கண்பார்வை போய், டயாலிசிஸும் ஆரம்பித்தபோது அத்தைதான் அயனாவரத்தில் எங்களோடு வந்து தங்கினார். கஞ்சி ஊட்டுவது, உடம்பு துடைத்துவிடுவது, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போவது எல்லாம் அவர்தான். சாயங்காலம் அப்பாவின் பெரிய எழுத்து வேதாகமத்தை எடுத்து வாசித்துக் காட்டுவார். நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்து 23ஆம் சங்கீதம் படிப்பார். போகப்போக, புத்தகத்தைத் திறக்காமலே அவருக்கு அது வந்துவிட்டது.

அப்பாவைக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு எடுப்பதற்கு முன், வாசலில் ஷாமியானா போட்டு ஆராதனை நடந்தது. அத்தை முன்வரிசையில் இருந்தார். போதகர் யோவான் 14:6ஐ எடுத்தார். "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்; என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்று இயேசு சொன்ன வசனம் அது. இந்த நாமத்தை ஏற்காதவர்களுக்கு அக்கினிக் கடல்தான் என்றார். நெற்றியில் எதைப் பூசினாலும் அது காப்பாற்றாது என்றார். இன்றைக்கே தீர்மானம் எடுப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்று, அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார். யாரும் உயர்த்தவில்லை. இன்னொரு முறை கேட்டார்.

அன்று ராத்திரி எல்லோரும் போன பிறகு அத்தை என்னிடம் கேட்டார். "ஏம்மா, அப்போ தம்பி இருக்கிற இடத்துக்கு நான் வரவே முடியாதா?"

என்னிடம் பதில் இல்லை. முப்பதாம் நாள் நினைவு ஆராதனைக்கு அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் போதகர் யார், எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை. அவர் ஒருவரோடு முடிகிற விஷயமாக இருந்தால் இந்த மடலே வேண்டாம்.

"நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற வசனத்தை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நானும் அதை விசுவாசிக்கிறவள்தான். ஆனால் அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது? "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக." மறுநாள் சாகப்போகிறவர், தன்னைப் பிரியப்போகிற சிநேகிதர்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. "என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு" என்பதும் அங்கேதான் வருகிறது. வழி எதுவென்று தெரியாமல் கலங்கிக் கேட்டவர் தோமா, நம் பரங்கிமலையில் உயிரை விட்டார் என்று நாம் நம்புகிற அதே தோமா. அவருக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்ட வார்த்தையை எடுத்து, தம்பியைப் பறிகொடுத்த ஒரு வயதான அக்காவைப் பயமுறுத்தினால் அது என்ன பிரசங்கம் ஐயா? லாசருவின் கல்லறைக்குப் போன ஆண்டவர் அங்கே கண்ணீர் விட்டார். கூட்டத்தைப் பார்த்து யார் யார் கையை உயர்த்துகிறீர்கள் என்று கேட்கவில்லை.

இந்தக் கேள்வி சென்னைக்குப் புதிதும் இல்லை. 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு கூடியது. மற்ற மதங்களுக்கும் கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் நடுவே தொடர்ச்சி எதுவும் இல்லை என்று நெதர்லாந்துக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் வாதாடினார். அதை மறுத்து எழுதியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். செஞ்சையா ஒரு நீதிபதி. வெங்கல் சக்கரை தொழிற்சங்கத் தலைவர், பிறகு சென்னை மேயராகவும் இருந்தார். இருவரும் இந்துக் குடும்பங்களிலிருந்து வந்து கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டவர்கள், தங்கள் முன்னோரின் பக்தியைக் குப்பை என்று சொல்ல மனம் வராதவர்கள்.

சரி, அவர்கள் உங்களுக்கு அதிக தாராளமாகத் தெரியலாம். 1965 முதல் 1974 வரை இங்கே தென்னிந்தியத் திருச்சபைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகினைப் பாருங்கள். கிறிஸ்து ஒருவரே என்பதில் அவர் கடைசிவரை அசையவில்லை. ஆனாலும் காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்த காலத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு உட்கார்ந்து ஒரு வாரம் உபநிடதம், ஒரு வாரம் யோவான் சுவிசேஷம் என்று மாற்றி மாற்றிப் படித்தார். கிறிஸ்துவுக்கு வெளியே நிற்கிறவர்களின் முடிவு இன்னதுதான் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை அவர் ஏற்கவில்லை. அதைத் தேவனிடம் விட்டார். கத்தோலிக்கச் சபையும் 1965 அக்டோபரில், மற்ற மதங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் எழுதிவைத்தது. அத்தனை பேரும் அடக்கத்தோடு நின்ற இடத்தில் நம் போதகர்களுக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு நிச்சயம் வந்தது?

அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையை நமக்குத் தருகிறது. அதே பிரிவு முதலில் சொல்வது எல்லோருக்கும் உள்ள மனசாட்சிச் சுதந்திரத்தை. 2002ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது அந்தச் சுதந்திரத்தைக் காட்டித்தானே நாம் எதிர்த்தோம்? தெருமுனைக் கூட்டம் என்றால் பிடிக்காதவர் நடந்து போய்விடலாம். தம்பியின் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் எங்கே எழுந்து போவார்?

இதன் சூடு வேறு இடத்திலும் விழுகிறது. யாரோ இந்தப் பேச்சைக் கைபேசியில் எடுத்து, அரை நிமிடமாக வெட்டி வாட்ஸ்அப்பில் விடுகிறார்கள். பேசியவர் நகரத்துக் கற்கோயிலில் பத்திரமாக இருப்பார். ஏதோ ஒரு கிராமத்துக் கொட்டகையில் ஜெபம் செய்கிற கூலிக்காரர்களின் கதவைத்தான் ஆட்கள் வந்து தட்டுவார்கள். அப்போது சமய நல்லிணக்கம் வேண்டும் என்று நாமே மேடை போட்டுப் பேசுகிறோம். கிறிஸ்துமஸ் விழாவுக்கு அமைச்சர்களை அழைத்து, எல்லோரும் ஒரு தாய் மக்கள் என்கிறோம். அதே வாயால் சாவு வீட்டில் அக்கினிக் கடலைக் காட்டுகிறோம். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்து இடம் பிரிக்கிற ஊர்கள் நம் சபைகளுக்கு உண்டு. அங்கே போய் யாராவது நரகத்தைப் பற்றிப் பேசினால் நானும் உட்கார்ந்து கேட்பேன்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். என் வேண்டுகோளுக்கே வருகிறேன். துக்க வீட்டிலும் கல்யாண மண்டபத்திலும் வேற்று மதத்தாரை நரகத்துக்கு அனுப்பும் பிரசங்கமும், கையை உயர்த்தச் சொல்லும் அழைப்பும் கூடாது என்று உங்கள் போதகர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இறையியல் கல்லூரிகளில் அடக்க ஆராதனை நடத்தக் கற்றுக்கொடுக்கும்போது, எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். நம் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்றுதான் பேதுரு எழுதினார். கேட்காதவர்களுக்கு, அதுவும் அழுகிறவர்களுக்கு, அந்தச் சாந்தமும் வணக்கமுமாவது கிடைக்க வேண்டாமா?

இதைப் பற்றி நேரில் பேச எப்போது அழைத்தாலும் வருகிறேன். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு என்றால் இன்னும் வசதி.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருத்தி,
அயனாவரம், சென்னை