மின்னோட்டமும் ஒரு தையல் மெஷினும்

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆவணியில் பெரிய வீட்டில் கல்யாணம். அதற்காக வயரிங்கை மாற்றுகிறார்கள். மரப்பட்டையில் ஓடிய பழைய வயர்களை உருவிப் போடுகிறபோது, பீங்கான் ஸ்விட்சுகளை மட்டும் பள்ளிக்கூடத்துக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பேத்தி மின்னோட்டவியல் கணக்கெல்லாம் சரியாகப் போடுகிறாள், ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை என்கிறாள் என்று எழுதியிருந்தாய். என் வகுப்பிலும் பாதிப் பேர் அப்படித்தான். பல்பு கரண்டைத் தின்றுவிடுகிறது, மிச்சம்தான் திரும்பிப் போகிறது என்று மனசுக்குள் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். அந்தப் படம் இருக்கிறவரை, வோல்ட்டையும் கரண்டையும் மின்தடையையும் இணைக்கிற ஓம் விதி வெறும் மனப்பாடம்தான்.

இரண்டு டார்ச் செல், ஒரு சின்ன பல்பு, கரண்டை அளக்கிற ஒரு அம்மீட்டர் போதும். அம்மீட்டரைப் பல்புக்கு முன்னால் வைத்தால் 0.3 ஆம்பியர் காட்டும். பல்பைத் தாண்டி வைத்தால் எவ்வளவு காட்டும் என்று முதலில் அவளையே சொல்லச் சொல். குறையும் என்பாள். முள் அதே 0.3-இல் வந்து நிற்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் இந்தப் பாடத்தை ஆசையோடு நடத்துகிறேன்!

அப்படியானால் செலவாவது என்ன? ஆற்றல். தையல் மெஷினின் தோல்வாரை நினைத்துக்கொள். வார் சுற்றிச் சுற்றி வருகிறது, ஒரு துளிகூடத் தேய்ந்து தீர்வதில்லை. ஆனால் காலின் உழைப்பு மேலே ஊசிக்குப் போய்விடுகிறது. மிதித்த உடனே மேல் சக்கரமும் சுற்றுகிறது இல்லையா? வயருக்குள் எலக்ட்ரான் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை, இருந்தும் ஸ்விட்சைப் போட்டவுடன் விளக்கு எரிவது இதனால்தான்.

அப்புறம் வோல்ட்மீட்டரைக் கொடு. பல்பின் இரு முனையிலும் வைத்தால் கிட்டத்தட்ட 3 வோல்ட். கூலூம் மின்னூட்டத்தின் அளவு, ஜூல் ஆற்றலின் அளவு. அதாவது, கடந்து போகும் ஒவ்வொரு கூலூமும் 3 ஜூலைப் பல்பில் இறக்கிவிட்டுப் போகிறது. 0.3 ஆம்பியர் என்பது நொடிக்கு 0.3 கூலூம், அப்படியென்றால் நொடிக்கு 0.9 ஜூல். அதுதான் 0.9 வாட். மாதாமாதம் யூனிட் என்று காசு கட்டுகிறோமே, அதுவும் ஆற்றலுக்குத்தான். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல்.

கல்யாணத்துக்குக் கட்டும் சீரியல் லைட்டையும் காட்டு. 6 வோல்ட் குட்டி பல்புகள் நாற்பதுக்குப் பக்கம் ஒரே தொடரில் நின்று 230 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். வீட்டு வயரிங் பக்க இணைப்பு, ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி வழி, அதனால் பட்டாலையில் விளக்கு போனாலும் முகப்பில் எரியும்.

செல்லுக்குள் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டால், துத்தநாகம் கரைகிற வேதிவினையிலிருந்து என்று சொல். லீவுக்கு இங்கே வரும்போது மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலையாவது காட்டலாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்தது. பாட்டரி ஆராய்ச்சி நம் ஊரிலேயே நடக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஒரு உதவி வேண்டும். 40 வாட், 100 வாட் இழை பல்புகளைத் தொடரில் இணைத்தால் 40 வாட்தான் பிரகாசமாக எரியும். அதற்குத்தான் மின்தடை அதிகம். 230 வோல்ட் என்பதால் பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்து நானே செய்து காட்டுவேன். இங்கே கடைகளில் எல்லாம் எல்இடிதான். அந்தப் பக்கம் பழைய பல்பு கிடைத்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கி வை, கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவா.

அன்புடன்,
உன் நண்பன்