நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள்

ஐயா,

கல்லூரி மாணவர்களின் உடல்நல அறிவையும் பழக்கங்களையும் பற்றி ஆய்வு நடப்பது நல்ல விஷயம். ஆனால் என் மகள் கொண்டுவந்த கேள்வித்தாளைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது. 'காலை உணவு அவசியமா?', 'தினமும் காய்கறி சாப்பிட வேண்டுமா?' பக்கம் பக்கமாக இதே மாதிரிதான். இதற்கெல்லாம் 'இல்லை' என்று யார் டிக் அடிப்பார்கள்?

எண்ணூரிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் காலையில் பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளைகள் பலருக்கு டீயும் பன்னும்தான் சாப்பாடு. என் மகள் நிரப்பிக்கொண்டு போகும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால், கல்லூரிக் கழிப்பறைக்குள் கால் வைக்க முடியவில்லை என்கிறாள். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர்த் தொற்று வரலாம் என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கிறது?

ஆகவே, நேற்று காலை முதல் இரவு வரை என்ன சாப்பிட்டார்கள், எங்கே, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கழிப்பறையையும் கேன்டீனையும் போய்ப் பாருங்கள்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் தெரிந்துவிடும். விருப்பமுள்ள மாணவர்களுக்கு அதையும் ஆய்வோடு சேர்த்தே செய்யலாம். அப்புறம், முடிவை அவரவரிடம் தனியாகச் சொல்லி, குறைவாக இருப்பவர்களைப் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

- ஒரு மாணவியின் தாய், வியாசர்பாடி, சென்னை