முடிவைச் சொல்லாதவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊராருக்கு வணக்கம்.

மாட்டுப் பொங்கல் ராத்திரி ரைஸ்மில் களத்தில் திரை கட்டி ‘புதிய பறவை’ போட்டோம் இல்லையா, அதற்கு உதவிய எல்லாரையும் நேரில் பார்த்துச் சொல்லத்தான் நினைத்தேன். ஆளுக்கொரு வயலில் சம்பா அறுப்பில் நிற்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

களம் தந்த மில்காரருக்கு நன்றி. பாதிப் படத்தில் கரண்ட் போனதும் கூப்பிடாமலே ஜெனரேட்டரோடு வந்த பந்தல்காரத் தம்பிக்கும், பனியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சுக்குக்காப்பி கொடுத்துவிட்டுக் காசு வாங்காத டீக்கடை அண்ணனுக்கும் நன்றி.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது எழுபதுகளின் நடுவில், கொரடாச்சேரிப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில். உயரம் பற்றாமல் மணலைக் குவித்து ஏறி உட்கார்ந்தேன். பின்னாலிருந்தவர் முதுகில் தட்டிக் கலைக்கச் சொன்னார். படத்தில் ரயிலைக் கண்டாலே கோபாலுக்கு, அதாவது சிவாஜிக்கு, உடம்பு பதறும். அந்த நேரம் பார்த்து, கொட்டகைக்குப் பின்னால் திருவாரூர் வண்டி கூவிக்கொண்டு போனது. தரை டிக்கெட்டில் ஒருத்தர், “கோபாலு, வண்டி வருதுடா!” என்று கத்த, கொட்டகையே சிரித்தது. அப்புறம், செத்துப்போனதாகச் சொன்ன மனைவியே சௌகார் ஜானகியாக வந்து நின்றாரே, ஒரு பயல் மூச்சு விடவில்லை. பெண்கள் பக்கம் ஒரு பாட்டி “மாரியாத்தா” என்றது மட்டும் கேட்டது. ஒரே மெஷின். ரீல் மாற்ற விளக்குப் போட்டால், முறுக்கு வாங்க எழுந்தவர்கள் வந்தவள் நிஜப் பெண்டாட்டியா இல்லையா என்று பந்தயம் கட்டினார்கள். டிக்கெட் கிழிப்பவர் தினம் பார்ப்பவர். கெஞ்சிக் கேட்டும் மீசையைத் தடவினாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

அவரைவிட அழுத்தம் என் அத்தை. 1964-இல் படம் வந்தபோதே கும்பகோணத்தில் பார்த்தவர். வருஷக்கணக்காகக் கேட்டும், “நீயே போய்ப் பாருடா” என்பதோடு சரி. அந்த வாய்க்கட்டுக்கு இன்றைக்கு நன்றி சொல்கிறேன், கேட்க அத்தை இல்லை.

இந்தத் தடவை எனக்குப் பயம் செல்போன்தான். ‘எங்கே நிம்மதி’ பாட்டுக்குத் திரைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தவர்கள் மேல் கொஞ்சம் கோபமும் வந்தது. வசனம் எழுதிய ஆரூர்தாஸ் பேரிலேயே நம் திருவாரூரை வைத்திருந்தவர் என்று மைக்கில் சொன்னதற்கு விழுந்த கைதட்டல் அதை ஆற்றிவிட்டது. கடைசிக் கட்டத்தில் ஒரு போன்கூட மினுங்கவில்லை. விஷயம் உடைந்ததும் முன்வரிசையில் நாலைந்து பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். அன்றைக்குக் கொட்டகையிலும் இதே இடத்தில்தான் எழுந்தார்கள்.

கீழத்தெருப் பையன் ஒருவன் பாதியிலேயே போனில் கதையைத் தேடிப் படித்துவிட்டான். தங்கை முடிவைக் கேட்டு நச்சரித்தும், “பேசாம பாரு” என்று மட்டும் சொன்னானாம். தம்பி, உனக்குத் தனியாக ஒரு நன்றி.

எழுந்து நின்றவர்களில் யாருடைய மடியிலிருந்தோ மூக்குக்கண்ணாடி ஒன்று விழுந்திருக்கிறது. டீக்கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மேலத்தெரு வாத்தியார் மகன்